கைநாட்டும் கைரேகையும்

சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கட்டட சைட்டில் யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. கலந்து வைத்த கலவை மிச்சமிருந்தால் பூசி முடிப்பார்கள். அதற்கப்புறம் ஒரு செங்கல்கூட நகராது. கொத்தனார்கள் கரண்டியையும் மணியாஸ் கட்டையையும் கழுவிச் சாக்கில் சுருட்டுவார்கள். சித்தாள்கள் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவி, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையைக் கழற்றி மடித்து, தலைவாரிக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவார்கள். டைம் ஆபீஸ் என்றால் சிமெண்ட் குடோனில் ஒரு மூலை. உள்ளே நான் இருப்பேன். மேஜை மேல் வாரக் கூலிப் பணத்தோடு பேங்கிலிருந்து வந்த ரெக்சின் பை, ஒரு ஸ்டாம்ப் பேட்.

1980-களின் பின்பாதி. சென்னையில் ஒரு நடுத்தரமான கட்டட கம்பெனி. என் உத்தியோகத்துக்கு டைம் கீப்பர் என்று பெயர். கையில் வாட்ச் கிடையாது. காலை எட்டரைக்கு மேஸ்திரி ஆட்களோடு வருவார், நான் தலை எண்ணுவேன். சாயங்காலம் மறுபடி எண்ணுவேன். காலையில் இருந்து மதியம் காணாமல் போனவன் அரை ஆள். ராத்திரி கான்கிரீட்டுக்கு நின்றவன் ஒன்றரை ஆள். இந்தக் கணக்கெல்லாம் சட்டைப்பையில் மடித்து வைக்கிற ஒரு சின்ன நோட்டில் இருக்கும். முழு ஆளுக்கு ஒரு கோடு, அரை ஆளுக்குப் பாதிக் கோடு. ஆறுமுகம் என்று மூன்று பேர் இருந்தால் கட்டை ஆறுமுகம், செஞ்சி ஆறுமுகம், மீசை ஆறுமுகம் என்று எழுதிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை வாங்கிய அட்வான்ஸ், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வாங்கிப் போனது, டீக்கடைக்காரர் சொல்லி வைத்த பாக்கி எல்லாம் அதே பக்கத்தின் ஓரத்தில்.

அந்த நோட்டில் பொய் எழுத முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தான் அதற்குத் தணிக்கைக்காரர்கள். "புதன்கிழமை மேல் மாடிக்கு ஜல்லி ஏத்தினது யாரு, உங்கப்பனா?" என்று ஒரு சித்தாள் எல்லார் முன்னாலும் கேட்டால் அடுத்த வாரம் முழுக்க சைட்டில் தலை நிமிர முடியாது. ஆனால் அந்த நோட்டுக்குச் சட்டத்தில் எந்த இடமும் கிடையாது. சனிக்கிழமை ராத்திரியோடு அதன் ஆயுள் முடிந்தது.

சட்டத்துக்கு வேறு நோட்டு இருந்தது. முஸ்டர் ரோல். அது சைட்டுக்கே வராது. மாதக் கடைசியில் தலைமை ஆபீஸில் எங்கள் ஹெட் கிளார்க் ஒரே உட்காரலில் எழுதி முடிப்பார். நல்ல கையெழுத்து, நடுவில் ஒருமுறை பேனாவை மாற்றுவார், மை வேறாகத் தெரியட்டும் என்று. பொங்கல் வாரத்தில் நாலைந்து பேருக்குக் கட்டாயம் ஆப்சென்ட் போடுவார். "எல்லாரும் எல்லா நாளும் வந்தான்னு எழுதினா இன்ஸ்பெக்டர் நம்புவாராய்யா?" என்பார். நம்பும்படி இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய தொழில் தர்மம். தீபாவளிக்கு மறுநாள் யாரையும் வேலைக்கு வரவழைத்துவிடக் கூடாது என்பதில் அவர் காட்டிய கவனத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

முஸ்டர் ரோல் மட்டுமில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. அதன் விதிகள்படி தொழிலாளர் பதிவேடு, சம்பளப் பதிவேடு, ஓவர்டைம் பதிவேடு, அட்வான்ஸ் பதிவேடு, அபராதப் பதிவேடு, சேதத்துக்குப் பிடித்தம் செய்த பதிவேடு என்று தனித்தனியாக வைக்க வேண்டியிருந்தது. கடைசி இரண்டிலும் மாதாமாதம் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது ஒரு வேலை. சைட்டில் மொசைக் கல்லை உடைத்தவனுக்கு அரை நாள் கூலி போகும். அது பதிவேடு வரைக்கும் போகாது.

ஆண் பெண் கூலியும் அப்படித்தான். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பதிவேட்டில் உதவியாளர் என்ற ஒரே தலைப்பில் பெரியாளும் சித்தாளும் ஒரே கூலி வாங்கினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த சித்தாளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அப்புறம் பத்தொன்பது என்ற எண். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952, இருபது பேர் வேலை செய்தால் பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கும் அன்றைக்கு அதே இருபது. ஆகவே எங்கள் மேஸ்திரிகள் ஒவ்வொருவரிடமும் 19 பேர் இருந்தார்கள். கம்பி கட்டும் மேஸ்திரிக்கு 19, சென்ட்ரிங் மேஸ்திரிக்கு 19, பூச்சு மேஸ்திரிக்கு 19. கூரை கான்கிரீட் போடுகிற அன்று சாரத்தில் நிற்கிறவர்களை எண்ணினால் வேறு கணக்கு வரும். அதை எண்ணுவது என் சட்டைப்பை நோட்டின் வேலை. பக்கத்து சைட்காரர்களிடம் விசாரித்தால் அங்கேயும் 19. சென்னை மாநகரம் அந்தப் பத்தாண்டில் பத்தொன்பது பத்தொன்பது பேராகச் சேர்ந்து கட்டியது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் முதலாளியின் தொழிலாளிதான், அவரையும் சேர்த்துத்தான் தலை எண்ண வேண்டும் என்று வைப்பு நிதிச் சட்டம் தெளிவாகவே சொன்னது. அந்தப் புத்தகமும் எங்கள் அலமாரியில் இருந்தது, அட்டை கசங்காமல்.

சம்பளப் பதிவேட்டில் வாங்கியவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாதவருக்குக் கைநாட்டு. மாதக் கடைசியில் எழுதப்படுகிற ஆட்கள் அதற்குள் திருவண்ணாமலைக்கும் தர்மபுரிக்கும் அறுவடைக்குப் போயிருப்பார்கள். அதனால் என்ன? ஆபீஸ் பையனுக்குப் பத்து விரல் இருந்தது. பத்துத் தொழிலாளர்கள் அங்கேயே முடிந்துவிடுவார்கள். பதினோராவது ஆளுக்கு என்ன செய்வது என்று ஒரு மாதம் சிக்கல் வந்தபோது, பையன் தானாகவே செருப்பைக் கழற்றினான். அந்த ஆளுக்குப் பதிவேட்டில் கந்தசாமி என்று பெயர். கந்தசாமியின் கட்டைவிரல் மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது.

இதெல்லாம் முடிந்தபின் அடியில் ஒரு சான்று. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி நேரில் நிற்க வேண்டும். 'மேற்கண்ட தொகை என் முன்னிலையில் தொழிலாளிக்கு வழங்கப்பட்டது' என்று கையெழுத்திட வேண்டும். விதி எழுதியவர் நல்ல மனசுக்காரர். மேஸ்திரி கமிஷன் அடிப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் கம்பெனியில் அந்தக் கையெழுத்தைப் போட்டவர் ஸ்டோர்ஸ் மேனேஜர். வருஷத்துக்கான பக்கங்களை ஏப்ரலிலேயே வாங்கி, வெறும் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார். வரப்போகிற பன்னிரண்டு மாதமும் அவர் முன்னிலை வகித்தார்.

இன்ஸ்பெக்டர் ஒருவர் வருவார். இளநீர் சாப்பிடுவார். பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தேதி போடுவார். மாடியைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை; சைட்டுக்குள் போனால் செருப்பில் சிமெண்ட் ஒட்டும்.

1990-களில் பெரிய அரசு வேலை ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அங்கே வைப்பு நிதி சலான் இல்லாமல் பில் பாஸ் ஆகாது. முதல்முறையாக சைட் ஆட்களுக்கு பி.எஃப். எண் வாங்கினோம். நாமினேஷன் படிவத்தில் 'யாரைப் போடட்டும்?' என்று கேட்டபோது பாதிப் பேர் பயந்துபோனார்கள். நான் செத்தால் யாருக்கு என்று உயிரோடு இருப்பவனிடம் கேட்கிறார்களே என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஏப்ரல் பிறந்தால் ஆளுக்கொரு 3ஏ கார்டு, மொத்தத்துக்கு ஒரு 6ஏ, எல்லாம் கையால் எழுத வேண்டும். ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி தூக்கம் கிடையாது. வருஷம் ஒருமுறை கணக்குச் சீட்டு கட்டாக வரும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பெயர், எண், அவர் பணம், எங்கள் பணம், வட்டி. அது வருவதற்குள் வேலை முடிந்து ஆட்கள் கலைந்திருப்பார்கள். விலாசம் என்ற கட்டத்தில் நாங்கள் எழுதியிருந்தது சைட்டின் விலாசம். சீட்டுகள் இரும்பு அலமாரிக்குள் போயின.

அந்தக் காலத்தில் வைப்பு நிதிக்கு 12 சதவீத வட்டி. 1989-90 முதல் பத்து வருஷத்துக்கு மேல் அதே 12. அப்படி அள்ளிக் கொடுத்த நாளில் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் அதற்குள் இல்லை. இப்போது எல்லாரும் இருக்கிறார்கள், வட்டி 8.25.

இனி இந்தக் காலத்துக் கதை.

இன்று எங்கள் ஆபீஸில் டைம் கீப்பர் கிடையாது. எச்.ஆர். அண்ட் கம்ப்ளையன்ஸ் என்று கண்ணாடிக் கதவில் எழுதிய ஏ.சி. அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனை மொதலாளியின் மகன் கன்சல்டன்ட் என்று கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தார். கன்சல்டன்ட்டுக்கு பி.எஃப். பிடிக்க வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2012-இல் சலான் கணினிக்குப் போனது. 3ஏ, 6ஏ எல்லாம் செத்துப்போயின. நான் அழவில்லை. 2014-இல் ஆளுக்கு ஒரே எண், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும் என்று யூ.ஏ.என். வந்தது, அதே வருஷம் செப்டம்பரில் சம்பள வரம்பு 6,500-லிருந்து 15,000 ஆனது. 2015 ஆகஸ்ட் 1 முதல் கட்டட சைட் தொழிலாளர்களும் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வந்தார்கள். 2016-இல், வைப்பு நிதி கட்ட 15-ஆம் தேதிக்கு மேல் ஐந்து நாள் என்றிருந்த சலுகையும் போனது. அப்போதிலிருந்து மாதத்தின் முதல் பதினைந்து நாள் எனக்கு வேறு உலகம் கிடையாது. ஓ.டி.பி. மொதலாளியின் மகன் போனுக்குத்தான் போகும். 15-ஆம் தேதி என்றால் அவர் திருப்பதியில் வரிசையில் நிற்பார், போன் லாக்கரில் இருக்கும்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை. ராத்திரி 500, 1000 செல்லாது என்றார்கள். சனிக்கிழமை 12-ஆம் தேதி. ரெக்சின் பையில் வைக்கப் பணமே இல்லாத முதல் சனிக்கிழமை அது. அடுத்த சில வாரத்தில் பேங்க்காரர்கள் சைட்டிலேயே மேஜை போட்டு எல்லாருக்கும் கணக்குத் திறந்தார்கள். இனி கமிஷனும் கிடையாது, கைநாட்டும் கிடையாது, கூலி நேரே கணக்குக்குப் போய்விடும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். நாளாவட்டத்தில் லேபர் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால் மேஸ்திரி தலையணைக்கு அடியில் ஏ.டி.எம். கார்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு இருந்தது. "தொலைச்சிருவானுங்க சார், அதான் நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றார். ரகசிய எண் எல்லாருக்கும் ஒன்றுதான். அவர் பைக்கின் நம்பர். வங்கி அறிக்கையில் ஒவ்வொருவர் கணக்குக்கும் பைசா சுத்தமாகக் கூலி போயிருக்கிறது. ஸ்டோர்ஸ் மேனேஜரின் 'என் முன்னிலை' இப்போது ஏ.டி.எம். கேமராவிடம் இருக்கிறது.

ஆட்களும் மாறிவிட்டார்கள். செஞ்சி ஆறுமுகங்களின் பிள்ளைகள் கார் ஓட்டுகிறார்கள், கொரியர் கொடுக்கிறார்கள். சாரத்தில் இருப்பவர்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம். மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்களுக்கு 1979-இல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். ஊர்விட்டு வந்ததற்காக மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதை வாங்கிய ஒருவரை என் சர்வீஸில் நான் சந்திக்கவில்லை.

ஆதார் அட்டைகளை வாங்கிக் கணினியில் ஏற்றும்போது ஒரு சங்கதி கவனித்தேன். எங்கள் ஆட்களில் பெரும்பகுதி ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள். வருஷம் மட்டும் வேறு வேறு. எழுதியவர் தேதி கேட்டார், இவர்கள் மழைக்கு முன்னால் என்றோ பின்னால் என்றோ சொன்னார்கள், கணினிக்கு மழை தெரியாது. நம்மூர்க்காரர்களுக்குச் சிக்கல் இனிஷியலில். ஆதாரில் முருகன், பேங்கில் கே. முருகன், பழைய பி.எஃப். கணக்கில் முருகன் கே. மூன்றும் ஒரே முருகன் என்று பெற்ற தாய் வந்து சொன்னாலும் கணினி ஏற்காது. தந்தை பெயரை விரித்து எழுதி, திருத்தம் கேட்டு, அந்தத் திருத்தத்துக்கு முதலாளி ஒப்புதல் கொடுத்து முடிப்பதற்குள் முருகன் ஒரகடத்துக்கு வேறு வேலைக்குப் போய்விடுவார். போன இடத்தில் அவருக்குப் புதிதாக ஒரு எண் போடுவார்கள். ஆளுக்கு ஒரே எண் என்று கொண்டுவந்த திட்டத்தில் மூன்று எண் உள்ளவர்கள் எங்கள் சைட்டிலேயே இருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டிலிருந்து புது எண்ணுக்கு போனில் முகத்தைக் காட்ட வேண்டும். கான்கிரீட் தூசி படிந்த முகத்தை முதலில் கழுவச் சொல்கிறோம். அந்த வகையில் நல்லதுதான்.

முகத்தைவிட விரல் படுத்துகிற பாடு பெரிது. வருகைப் பதிவுக்கு கேட்டில் கைரேகை இயந்திரம் வைத்தோம். சூப்பர்வைசர், வாட்ச்மேன், இன்ஜினீயர் எல்லாரையும் அது முதல் தொடுதலிலேயே அடையாளம் கண்டது. கொத்தனாரை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. சிமெண்டில் உள்ள காரம் வருஷக் கணக்கில் தோலை அரித்து ரேகையை வழித்துவிடுகிறது. நன்றாக வேலை செய்கிறவனுக்கு விரலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. முதல் மாத அறிக்கையில் எங்கள் மிகச் சிறந்த கொத்தனார் ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை. வரவே வராதவனின் கைநாட்டை ஏற்றுக்கொண்ட பதிவேடும் எனக்குத் தெரியும், எதிரில் நிற்கிறவனின் விரலை ஏற்றுக்கொள்ளாத இயந்திரமும் தெரியும். எங்கள் பழைய ஆபீஸ் பையன் இப்போது அம்பத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

துணை ஒப்பந்தக்காரர்கள் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். இப்போது அவர்களிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் வாங்காமல் நாங்கள் பில் பாஸ் செய்வதில்லை. அவர்கள் கட்டாவிட்டால் பொறுப்பு எங்கள் தலையில். கேட்ட மாத்திரத்தில் வாட்ஸ்அப்பில் சலான் வந்து விழும். பணம் கட்டியது நிஜம், பெயர்கள் நிஜம், எண்கள் நிஜம். ஒருநாள் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பட்டியலில் இருந்த பலர் அங்கே இல்லை. அங்கே இருந்த பலர் பட்டியலில் இல்லை. மேஸ்திரி சிரிக்காமல் சொன்னார்: "சார், அந்த லிஸ்ட் போன வருஷம் இன்னொரு சைட்டுல இருந்த லிஸ்ட். இவனுங்க வர்றதும் போறதுமா இருக்கானுங்க, மாசாமாசம் யாரு மாத்துறது? உங்களுக்கு சலான்தானே வேணும்?" அதே சலான் வேறு இரண்டு கம்பெனிகளின் ஃபைலிலும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அன்று எங்களிடம் பெயர் இல்லாத ஆட்கள் இருந்தார்கள். இன்று ஆள் இல்லாத பெயர்கள் இருக்கின்றன. பெயர்களை ஆடிட்டருக்குப் பிடித்திருக்கிறது.

சம்பளத்தைக் கூறு போடும் கலையையும் சொல்ல வேண்டும். 12 சதவீதம் ஆளிடம், 12 சதவீதம் எங்களிடம். ஆனால் மேஸ்திரியோடு பேசுகிற கூலி கைக்கு வருகிற கூலி. அதில் பைசா பிடித்தால் ஆள் மறுநாள் எதிர்த்த சைட்டில் நிற்பான். "பிடிக்காம குடுங்க சார், கிழவனானப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான் இன்றைக்கும் சைட்டின் பொதுக் கருத்து. எனவே இரண்டு பங்கும் எங்கள் கையிலிருந்துதான் போகும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை எவ்வளவு சுருக்கலாமோ அவ்வளவு சுருக்கினார்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுப்பவனுக்கு வீட்டு வாடகைப் படி. படுக்கையிலிருந்து வேலைக்கு முப்பது அடி நடப்பவனுக்குப் பயணப் படி. ஒரே லுங்கியோடு இருப்பவனுக்குத் துவைப்புப் படி. மிச்சத்துக்குச் சிறப்புப் படி. எல்லாருக்கும் பொதுவாகத் தருகிற படி அடிப்படைச் சம்பளத்தில்தான் சேரும் என்று 2019 பிப்ரவரி 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாரம் ஊரிலுள்ள கன்சல்டன்ட்கள் எல்லாரும் ஓட்டல்களில் கருத்தரங்கு வைத்தார்கள், நல்ல சாப்பாடு. படிகளுக்குப் புதுப் பெயர் வைக்க அங்கே கற்றுக்கொண்டோம்.

2025 நவம்பர் 21-இல் 29 சட்டங்களை நாலாகச் சுருக்கிய தொழிலாளர் தொகுப்புகள் நடப்புக்கு வந்தன. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளமாகக் கணக்காகும். எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு வசதி செய்து தருபவர் என்று கூடுதல் பட்டமும் கிடைத்திருக்கிறது. இளநீர் காலத்திலேயே அவர் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு இனி வரம்பு இருபது இல்லை, ஐம்பது. செய்தியைப் படித்த அன்று சாயங்காலமே பூச்சு மேஸ்திரி என் அறைக்கு வந்தார். "அப்போ நான் நாப்பத்தொன்பது காட்டிக்கலாமா சார்?"

கேலி போதும். இரண்டு விஷயம் கேலியில் அடங்காது.

2014 ஜூன் 28. மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்துப்போனார்கள். ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர்கள், நம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அது. சைட்டில் அது என்ன நேரம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். மீட்பு வேலை பல நாள் நடந்தது. உள்ளே எத்தனை பேர் என்ற கேள்வியும் கூடவே ஓடியது. நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியது என் சட்டைப்பை நோட்டு மாதிரி ஒன்றுதான், முஸ்டர் ரோல் இல்லை. காலையில் எண்ணி, மதியம் எண்ணி, கட்டை ஆறுமுகம் மேலே இருக்கிறான், செஞ்சி ஆறுமுகம் சாப்பிடப் போனான் என்று தெரிந்து வைத்திருக்கும் நோட்டு. எந்தச் சட்டமும் கேட்காத அந்த நோட்டை நாங்களும் அதற்குள் நிறுத்தியிருந்தோம். கணினி வந்துவிட்டது என்று.

இரண்டாவது, இந்தக் காலத்துக்குச் சாதகமானது. 80-களில் சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்தால் மொதலாளி ஒரு கவரில் பணம் போட்டு, வண்டி வைத்து, உடலை ஊருக்கு அனுப்புவார். மேஸ்திரி மனைவியிடம் ஒரு வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி வருவார். விஷயம் முடிந்தது. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. சில வருஷம் முன்பு எங்கள் சென்ட்ரிங் ஆள் ஒருவர் அதேபோல் போய்விட்டார். அவர் பெயரில் இ.எஸ்.ஐ. இருந்தது. அவர் பங்கு 0.75 சதவீதம், எங்கள் பங்கு 3.25. சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் சார்ந்தோர் உதவியாக அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் போகிறது. மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. அலைச்சல் இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் கவர் இல்லை, யார் தயவும் இல்லை. கணினியையும் ஓ.டி.பி.யையும் நான் எவ்வளவு திட்டினாலும், கவர் காலத்துக்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 1990-களிலோ அதற்குப் பிறகோ பெரிய சைட்டில், அரசு வேலையில், கொத்தனாராகவோ சித்தாளாகவோ கம்பி கட்டுபவராகவோ இருந்த யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டியில் பழைய கணக்குச் சீட்டோ, கம்பெனி அட்டையோ, சம்பளச் சீட்டோ கிடக்கலாம். அதில் டி.என். என்று தொடங்கி, சாய்வுக்கோடு போட்டு ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வைப்பு நிதி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பெயரில் இனிஷியல் இடறும், ஒரே நடையில் முடியாது, பரவாயில்லை. எங்கள் அலமாரியில் இருந்த கட்டைப் பிரித்து, ஊர் தெரிந்தவர்களுக்கு நான் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஊர் தெரியாதவர்கள்தான் அதிகம். பழைய காகிதக்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்னால் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.